அன்று "யாரும் வரவில்லையே" என்று அழுதேன், இன்று போகிறவர்களை எதிர்க்கிறேன்: இது இரட்டை வேடமா?

கேள்வி:

நான் பட்டர்வொர்த்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அம்மா வழியில் யாழ்ப்பாணம். 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் செய்திகளைப் பார்த்து, "உலகத்தில் இத்தனை நாடுகள் இருக்கின்றனவே, ஒருத்தர்கூட வரவில்லையே" என்று நான் அழுதது, அப்போது எட்டு வயதுப் பையனாக இருந்த என் மகனுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அண்மையில் ஒரு வல்லரசு, "அந்த மக்களைக் காப்பாற்றத்தான்" என்று சொல்லி இன்னொரு நாட்டின் மேல் குண்டு போட்டது. அதைக் கண்டித்து ஜார்ஜ்டவுன் பாடாங் கோத்தாவில் நடக்கவிருக்கும் அமைதிக் கூட்டத்துக்குப் போகப் போகிறேன் என்றேன். "அன்னைக்கு யாராவது வந்து குண்டு போட்டிருந்தா கைதட்டியிருப்பீங்கதானே அம்மா? நம்ம ஆளுங்கன்னா ஒரு நியாயம், மத்தவங்கன்னா ஒரு நியாயமா?" என்று கேட்டுவிட்டான். எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு இரவு தூக்கமும் வரவில்லை. அனைத்துலகச் சட்டம் சொல்லிக்கொடுப்பவர் நீங்கள். இப்படிக் குண்டு போடுவது சரியா, தவறா? என் மகன் சொல்வது உண்மையா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் மகனின் கேள்விக்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், கைதட்டியிருப்பீர்கள். நானும் தட்டியிருப்பேன். தண்ணீரில் மூழ்குகிறவன் எந்தக் கை நீள்கிறது என்று பார்ப்பதில்லை. அதற்காக நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்குக் கைதட்டத் தோன்றியிருக்கும் என்பதாலேயே, அது நல்லபடியாக முடிந்திருக்கும் என்று ஆகிவிடாது.

என் பாட்டி அப்படிக் கைதட்டக் காத்திருந்தவர். கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறையில் தாத்தாவுக்கு வேலை. ஜப்பானியர் காலத்தில் அவரைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். பாட்டி இரண்டு பிள்ளைகளோடு ரயில்வே வீட்டில் தனியாக இருந்தார். 1945 பிப்ரவரியில் வங்காளத்திலிருந்து கிளம்பிவந்த அமெரிக்க பி-29 விமானங்கள் பட்டறை மேல் குண்டு போட்டன. ஜப்பானியரை விரட்ட வந்த விமானங்கள் அவை. எப்போது வரும் என்று ஊரே காத்திருந்தது. பாட்டி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த பெரிய கால்வாயில் இறங்கிவிட்டார். பக்கத்து வீட்டு அம்மா, அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வேகிறது, இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று உள்ளே போனார். திரும்பி வரவில்லை. அடுத்த மாதம் 10ஆம் தேதி மறுபடியும் வந்தார்கள். ரயில் நிலைய யார்டுக்குக் குறிவைத்த குண்டு சிலாங்கூர் அருங்காட்சியகத்தில் விழுந்தது. இன்றைய தேசிய அருங்காட்சியகம் அந்த இடத்தில்தான் நிற்கிறது.

போர் முடிந்து தாத்தா எலும்பும் தோலுமாக வீடு வந்து சேர்ந்தார். போர் முடியாமல் இருந்திருந்தால் அவர் வந்திருக்கவே மாட்டார். அந்த விமானங்கள் வந்தது தப்பு என்று பாட்டி ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் அவர் சாகும்வரை எங்கள் வீட்டு அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு ஏறியதில்லை. அது ஒரு பெரிய போரின் பகுதி, நீங்கள் கேட்கும் மனிதாபிமானத் தாக்குதல் வகையைச் சேர்ந்ததல்ல என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் "மக்களைக் காக்கும் குண்டு" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த அடுப்புதான் கண்முன் வருகிறது. சொல்ல வேண்டியதை இதை வைத்தே தொடங்குகிறேன், டீச்சர்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐ.நா. சாசனத்தின் 2(4)ஆம் பிரிவு, ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. விலக்கு இரண்டுக்குத்தான்: ஒன்று தற்காப்பு, இன்னொன்று பாதுகாப்பு மன்றத்தின் அனுமதி. மனிதாபிமானம் என்று மூன்றாவது கதவு அதில் இல்லை. இருக்கிறது என்று பிரிட்டன் போன்ற சில நாடுகள் வாதாடுகின்றன. இல்லவே இல்லை என்று 2003 பிப்ரவரியில் நம் கோலாலம்பூரிலேயே கூடிய அணிசேரா நாடுகளின் உச்சநிலை மாநாடு அறிவித்தது. 2005இல் உலகத் தலைவர்கள் ஏற்றுக்கொண்ட "காக்கும் பொறுப்பு" என்ற கொள்கையும், படை அனுப்புவதென்றால் பாதுகாப்பு மன்றம் வழியாகத்தான் என்கிறது. சரி, அந்த மன்றம் 2009இல் என்ன செய்தது? வன்னியில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது இலங்கை நிலவரம் அதன் முறையான நிகழ்ச்சி நிரலில்கூட ஏறவில்லை. அதனால் சட்டத்தைக் காட்டி மகனின் வாயை அடைக்கப் பார்க்காதீர்கள். அவன் கேட்பது சட்டத்தைவிடப் பெரிய கேள்வி.

அந்தக் கேள்விக்கு வெளியே எங்கும் போக வேண்டாம், யாழ்ப்பாணத்துக்கே போவோம். 1987 ஜூன் 3ஆம் தேதி இந்தியா உணவும் மருந்தும் ஏற்றிய படகுகளை அனுப்பியது. இலங்கைக் கடற்படை அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள் ஐந்து ஏஎன்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் காவலுக்கு வர, சுமார் 25 டன் பொருளை யாழ்ப்பாணத்தின் மேல் போட்டுவிட்டுப் போயின. அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் "பூமாலை". குண்டு இல்லை, அரிசிதான். ஆனால் ஒரு நாட்டின் வான்வெளிக்குள் அதன் அனுமதியில்லாமல், போர் விமானத்தோடு, மக்களைக் காக்க என்று சொல்லிப் போனது அது. உங்கள் அம்மா அப்போது இருந்திருந்தால் கண்ணீர் விட்டு மகிழ்ந்திருப்பார். ஜூலை கடைசியில் ஒப்பந்தம் ஆனது, இந்திய அமைதிப் படை வந்து இறங்கியது. யாழ்ப்பாணத்து மக்கள் சிப்பாய்களுக்கு மாலை போட்டு வரவேற்றார்கள்.

அக்டோபரில் அந்தப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. அக்டோபர் 21, தீபாவளி நாள். அந்தப் படை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்தது. டாக்டர்கள், நர்சுகள், படுக்கையில் கிடந்த நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அரிசி விழுந்த நாளுக்கும் இந்த நாளுக்கும் நடுவில் ஐந்து மாதம்கூட இல்லை.

அரிசி போட்டவர்கள் அன்றைக்கே பொய்யாகப் போட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். மனதாரக்கூடப் போட்டிருக்கலாம். ஆனால் ஒரு படை ஊருக்குள் வந்துவிட்டால் அதற்கென்று ஒரு பயம், ஒரு கோபம், காப்பாற்றிக்கொள்ள வேண்டிய ஒரு மானம் எல்லாம் வந்துவிடுகிறது. மக்களைக் காக்க வந்தோம் என்பது மெதுவாகப் பின்னுக்குப் போய், தன்னைக் காத்துக்கொள்வது முன்னுக்கு வருகிறது. அந்த நேரத்தில் அந்த ஊர்க்காரர்களின் பேச்சைக் கேட்க ஒரு ஏற்பாடும் இருப்பதில்லை. அவர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய படையல்ல அது. அவர்கள் வேண்டாம் என்றால் திரும்பிப் போகும் படையும் அல்ல. இதை வேறு யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கலாம், யாழ்ப்பாணத்து வழிவந்த உங்களுக்கு வேண்டியதில்லை.

மறுபக்கத்தை நான் மறைத்தால் உங்கள் மகன் கண்டுபிடித்துவிடுவான், அதனால் அதையும் சொல்கிறேன். 1975 முதல் 1979 வரை கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியில் 15 முதல் 20 லட்சம் பேர் செத்தார்கள். அதை நிறுத்தியது யார்? 1979 ஜனவரி 7ஆம் தேதி நோம்பென் நகருக்குள் நுழைந்த வியட்நாம் படை. மனிதாபிமானம் என்று அவர்கள் பெரிதாகப் பேசவில்லை, எங்கள் எல்லையில் தாக்கினார்கள், அதனால் வந்தோம் என்றார்கள். ஆனால் வேறு யாரும் செய்யாததைச் செய்து முடித்தார்கள். நாம் என்ன செய்தோம்? மலேசியாவும் மற்ற ஆசியான் நாடுகளும், எல்லை மீறியது தப்பு என்ற பிடியிலேயே நின்றோம். ஐ.நா.வில் கம்போடியாவின் நாற்காலி கொன்றவர்கள் தரப்பிடமே இருக்க வாக்களித்தோம். 1982 ஜூன் 22ஆம் தேதி கெமர் ரூஜையும் சேர்த்துக்கொண்ட கூட்டணி அரசுக்குக் கையெழுத்தானது வேறெங்கும் இல்லை, கோலாலம்பூரில். இந்தத் தேதியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் என் குரல் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. எல்லையைத் தாண்டக் கூடாது என்ற விதி நல்ல விதி, சின்ன நாடுகளுக்கு அதைவிட்டால் வேறு வேலி இல்லை. ஆனால் அந்த வேலிக்குள் என்ன நடந்தாலும் வாய் மூடியிருப்பது என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டால், நாம் 1982இல் நின்ற இடத்தில்தான் போய் நிற்போம்.

ஆக, படைபலத்தால் கொலை ஒருபோதும் நிற்காது என்று நான் சொல்லவில்லை. கம்போடியாவில் நின்றது. 1971இல் வங்காளதேசத்திலும் நின்றது. ஆனால் இரண்டையும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். இரண்டிலும் தரையில் நடந்து போனார்கள், தங்கள் ஆட்களைப் பலி கொடுத்தார்கள். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஓடிவந்த சுமார் ஒரு கோடி அகதிகளை உள்ளே விட்டு, மாதக்கணக்கில் சோறு போட்ட பிறகுதான் இந்தியா போருக்குப் போனது. வியட்நாம் பத்து ஆண்டு அங்கேயே இருந்து, அதன் பழியையும் சுமந்தது. காப்பாற்றுகிறேன் என்பவன் தன் கையையும் நெருப்பில் வைத்தானா என்று நான் முதலில் பார்க்கிறேன், டீச்சர். சட்டப் புத்தகத்தில் இல்லாத அளவுகோல்தான், ஆனால் இத்தனை ஆண்டில் அது என்னை ஏமாற்றியது குறைவு.

வானத்திலிருந்து மட்டும் நடக்கும் தாக்குதல் இந்த இடத்தில்தான் இடறுகிறது. 1999இல், செர்பியாவின் பிடியில் இருந்த கொசோவோவின் அல்பேனியர்களைக் காக்க என்று, மேற்கு நாடுகளின் படைக் கூட்டணியான நேட்டோ 78 நாள் குண்டு போட்டது. எதிரியின் குண்டுக்கு நேட்டோ வீரர் ஒருவர்கூடச் சாகவில்லை. கீழே ஏறத்தாழ 500 பொதுமக்கள் செத்ததாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கணக்கெடுத்தது. அதில் ஏப்ரல் 14ஆம் தேதி ஜாகோவா அருகே டிராக்டரில் போய்க்கொண்டிருந்த அகதிகளும் உண்டு. யாரைக் காக்கப் போனார்களோ அந்த அல்பேனியர்கள்தான் அவர்கள். உயரத்தில் பறந்தால் விமானி பத்திரமாக இருப்பார், ஆனால் டிராக்டரும் ராணுவ லோரியும் அங்கிருந்து ஒன்றாகத் தெரியும். இதையும் சொல்ல வேண்டும்: கொசோவோ மக்களில் பெரும்பாலோர் இன்றும் அந்தத் தாக்குதலுக்கு நன்றியோடு இருக்கிறார்கள். தலைநகர் பிரிஸ்டினாவில் அன்றைய அமெரிக்க அதிபர் கிளின்டனுக்குச் சிலை நிற்கிறது. அந்த நன்றியைப் பொய் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

லிபியாவில் 2011இல் பாதுகாப்பு மன்றத்தின் அனுமதியே இருந்தது. பெங்காசி மக்களைக் காக்கத் தொடங்கியது ஆட்சியைக் கவிழ்ப்பதில் போய் முடிந்தது. ஆட்சியாளர் கடாஃபி செத்த பிறகு, குண்டு போட்டவர்கள் கிளம்பிவிட்டார்கள். நாடு இரண்டாகப் பிளந்து, ஆயுதக் கும்பல்களிடம் சிக்கியது.

சிரியாதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. 2017 ஏப்ரல் 4ஆம் தேதி கான் ஷேக்கூனில் விஷவாயுவால் பிள்ளைகள் துடித்துச் செத்தார்கள். மூன்றாம் நாள், ஏப்ரல் 7 விடிவதற்குள், அமெரிக்கா சிரியா அரசின் ஒரு விமானத் தளத்தின் மேல் 59 ஏவுகணைகளை விட்டது. மறுநாளே அந்தத் தளத்திலிருந்து மறுபடி விமானங்கள் பறந்தன. சரியாக ஓராண்டு கழித்து, 2018 ஏப்ரல் 7ஆம் தேதி, டூமாவில் மறுபடியும் வாயு. 43 பேர். ஏவுகணை விட்ட அந்த 2017ஆம் ஆண்டு ஜனவரியில்தான், சிரியா அகதிகள் நாட்டுக்குள் வருவதைக் காலவரையின்றி நிறுத்தும் ஆணையில் அதே அதிபர் கையெழுத்துப் போட்டிருந்தார். நீதிமன்றம் தடுத்தது, அது வேறு விஷயம். அந்தப் பிள்ளைகளுக்காக மனம் நொந்துதான் ஏவுகணை விட்டார் என்றால், உயிரோடு இருந்த பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்தியது ஏன்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு ஒரு பதிலும் கிடைக்கவில்லை.

இப்போது உங்கள் மகனின் கேள்விக்குத் திரும்புகிறேன். "குண்டு போடணும், இல்லாவிட்டால் வேடிக்கை பார்க்கணும், இரண்டில் ஒன்று சொல்லுங்கள்" என்பதுதான் அவன் கேள்வியின் அடியில் இருப்பது. குண்டு போடுகிறவர்களும் இப்படித்தான் கேட்கிறார்கள். ருவாண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் நூறு நாளில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அங்கே இருந்த ஐ.நா. படைத் தளபதி டலேர் 5,000 வீரர்கள் கொடுங்கள் என்று கேட்டார். பாதுகாப்பு மன்றம் ஏப்ரல் 21ஆம் தேதி, இருந்த படையையும் 270 பேராகக் குறைத்தது. யாரைக் கொல்ல வேண்டும் என்று வானொலியிலேயே பெயர் படித்துக்கொண்டிருந்தார்கள். விமானத்தில் பறந்து அந்த ஒலிபரப்பைக் குழப்பலாமே என்று அமெரிக்காவில் யோசனை வந்தது. மணிக்கு சுமார் 8,500 டாலர் செலவாகும், பலனும் இருக்காது என்று ராணுவத் தலைமையகம் வேண்டாம் என்றுவிட்டது. குண்டுக்கும் வேடிக்கைக்கும் நடுவில் எவ்வளவு இருந்தது பாருங்கள்.

வன்னியிலும் இருந்தது. 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று இலங்கை அரசு சொன்னதும், ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பினார்கள். மக்கள் அவர்களுடைய அலுவலக வாசலில் கூடி நின்றார்கள். பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், சாமியார்கள். போகாதீர்கள், நீங்கள் போய்விட்டால் எங்களுக்கு என்ன நடந்தாலும் பார்க்க ஆள் இருக்காது என்று கேட்டார்கள். வண்டிகள் கிளம்பிவிட்டன. பிறகு செத்தவர்களின் எண்ணிக்கையை ஐ.நா. தனக்குள் கணக்கெடுத்துக்கொண்டே வந்தது, ஆனால் வெளியிடத் தயங்கியது. 2011இல் ஐ.நா. நிபுணர் குழு, இறந்தவர்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்றது. அடுத்த ஆண்டு ஐ.நா. தன்னைத்தானே விசாரித்து எழுதிய அறிக்கை, அந்த மாதங்களில் தான் கடமை தவறியதை ஒப்புக்கொண்டது.

அந்த வாசலில் நின்றவர்கள் யாரும் கொழும்பின் மேல் குண்டு போடுங்கள் என்று கேட்கவில்லை. போகாதீர்கள் என்றுதான் கேட்டார்கள். 2009இல் நீங்கள் அழுதது இந்த மறுப்புக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். யாராவது வந்து பக்கத்தில் நின்றிருக்கலாமே, எண்ணிச் சொல்லியிருக்கலாமே, காயப்பட்டவர்களை ஏற்ற இன்னும் நாலு கப்பல் வந்திருக்கலாமே, ஆயுதம் விற்றவர்கள் நிறுத்தியிருக்கலாமே என்ற அழுகை அது. இன்றைக்கு வேறொரு ஊரில் குண்டு விழும்போது உங்கள் மனம் ஏற்க மறுப்பதும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. இரட்டை வேடம் என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை.

அதற்காக மகன் சொன்னதை முழுசாகத் தள்ளிவிடாதீர்கள். "நம்ம ஆளுங்கன்னா ஒரு நியாயம்" என்றானே, அது நம் எல்லோருக்கும் உறைக்க வேண்டியது. மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் இன்றுவரை கையெழுத்துப் போடவில்லை. ஐ.நா. அகதிகள் அமைப்பிடம் பதிந்துகொண்டவர்களே இங்கே ஒன்றரை லட்சத்துக்கு மேல். பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து உயிர் பிழைத்து வந்தவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை. பினாங்குப் பக்கமே ரொஹிங்கியா பிள்ளைகளுக்கான சின்னச் சின்னக் கற்றல் மையங்கள் இருக்கின்றன, அங்கே ஆசிரியர் பற்றாக்குறை எப்போதும் உண்டு. நீங்கள் முப்பது ஆண்டு கரும்பலகை முன்னால் நின்றவர். வாரத்தில் ஒரு காலை நேரம் ஒதுக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். யாராவது வரமாட்டார்களா என்று காத்திருக்கும் அம்மாமார் அங்கேயும் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போங்கள். குண்டு போட்டவனைக் கண்டிக்கும் அதே வாயால், அந்த ஊர் மக்களை வதைத்த ஆட்சியையும் கண்டிக்கிறார்களா என்று கவனியுங்கள். கண்டித்தால் கடைசிவரை நில்லுங்கள். அந்த ஆட்சிக்கு வாழ்க என்று கோஷம் போட ஆரம்பித்தால் அமைதியாகக் கிளம்பி வந்துவிடுங்கள், அது உங்களுக்கான கூட்டம் இல்லை.

மகனையும் கூப்பிடுங்கள். வாதத்தில் ஜெயிக்க வேண்டாம், சும்மா கூட வா என்று கூப்பிடுங்கள். காரை விட்டுவிட்டு ஃபெரியில் போனால் அந்தப் பக்கம் சேரக் கொஞ்ச நேரம் கிடைக்கும். கிளிநொச்சி வாசலில் நின்றவர்களைப் பற்றி அப்போது சொல்லுங்கள். அது நடந்தபோது அவனுக்கு ஏழு வயதுதான், தெரிந்திருக்காது.